சிறு நல்கைகளில் எதைக் கேட்பது? முதியோர் நலக் குழுக்களுக்கான ஓர் ஒப்பீடு

முதியோருடன் வேலை செய்யும் சிறு குழு ஒன்றுக்குப் பணம் தேவைப்படும்போது, எந்த நல்கை (பொதுப்பணிக்குத் தரப்படும் உதவித்தொகை) முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கே விண்ணப்பித்துவிடுவது பெரும்பாலும் நடக்கிறது. கடைசி நாள் நெருங்கிவிட்டது, படிவம் கைக்கு வந்துவிட்டது, இதை விட்டால் இனி அடுத்த ஆண்டுதான் என்ற நெருக்கடியில், நமக்கு வேண்டியது எப்படிப்பட்ட பணம் என்ற கேள்வி யார் வாயிலிருந்தும் வருவதில்லை. அத்தகைய குழு ஒன்றின் பொருளாளராகச் சில ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். வேறோர் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் குழுவிலும் சில காலம் இருந்திருக்கிறேன். கேட்பவர் பக்கமும் கொடுப்பவர் பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகு, தொகையின் அளவைவிட அது எந்த வகைப் பணம் என்பதே ஒரு குழுவை வளர்க்கவோ களைத்துப்போகச் செய்யவோ காரணமாகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த வகைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சிறு நல்கை என்று நான் குறிப்பிடுவது, ஒருவருக்கு முழு ஆண்டுச் சம்பளம் கொடுக்கப் போதாத, பெரும்பாலும் ஓராண்டுக்குள் செலவழித்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய தொகையை. உள்ளாட்சி அமைப்புகள், அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, வட்டாரச் சங்கங்கள் எனக் கொடுப்பவர்கள் பலர். ஆனால் கொடுக்கும் முறையை வைத்துப் பார்த்தால், பொருள் வாங்கத் தருவது, ஒரு நிகழ்ச்சிக்கோ திட்டத்துக்கோ தருவது, குழு திரட்டும் தொகைக்கு ஈடாகத் தருவது, குடியிருப்போர் வாக்களித்துத் தருவது, குழுவின் அன்றாடச் செலவுக்கே தருவது என்ற ஐந்துக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் முதுமையையும் நலவாழ்வையும் பற்றி 2015இல் வெளியிட்ட அறிக்கை, நலமான முதுமை என்பதை நோயே இல்லாத நிலை என்று சொல்லவில்லை. தாம் மதிக்கும் காரியங்களைத் தொடர்ந்து செய்ய ஒருவருக்குத் தேவையான செயல்திறனை வளர்ப்பதும் காப்பதும்தான் நலமான முதுமை என்று அது வரையறுத்தது. அந்தத் திறனில் ஒரு பங்கு உடலிலும் மனத்திலும் இருக்க, மறுபங்கு சூழலில் இருக்கிறது என்றும் விளக்கியது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 முதல் 2030 வரையான காலத்தை நலமான முதுமைக்கான பத்தாண்டாக அறிவித்ததும் இந்தக் கருத்தை ஒட்டித்தான். ஒரு பெரியவர் அடுத்த தெருவுக்கு நடந்து போவது அவருடைய முழங்காலோடு முடிந்துவிடும் விஷயமன்று. படியில் கைப்பிடி, வழியில் வெளிச்சம், நடுவில் உட்கார ஓர் இடம், போய்ச் சேரும் இடத்தில் தம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு முகம் ஆகிய அத்தனையும் கூடினால்தான் அவர் வாசலைத் தாண்டுவார். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை எந்தப் பெரிய நிறுவனத்தையும்விடச் சிறு குழுவே நன்றாகத் தர முடியும்.

அப்படித் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது தொடர்ந்து நடக்க வேண்டும். வயதானவர்கள் விழுவதைத் தடுக்கும் உடற்பயிற்சிகள் குறித்து 2019இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு, 108 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 23,000க்கும் மேற்பட்டோரையும் சேர்த்துப் பார்த்து, பயிற்சி செய்தவர்களிடம் விழும் வீதம் 23 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. அவை ஒரே நாளில் கற்றுத் தந்து முடித்த பயிற்சிகள் அல்ல, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடந்தவை. உடலைச் சமநிலையில் நிறுத்தும் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கலந்ததை வாரத்துக்கு மூன்று நாளாவது முதியோர் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தனிமைக்கும் இதே கதைதான். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று அந்த நிறுவனம் அமைத்த சமூக உறவுகளுக்கான ஆணையம் 2025இல் தெரிவித்தது; ஆண்டுக்கொரு முறை நடக்கும் விழா எதனாலும் அந்தத் தனிமை தீர்ந்துவிடாது. ஆகவே ஒரு நல்கையைப் பார்த்ததும், அந்தப் பணம் தீர்ந்த மறுவாரம் முதியோர் கையில் மிஞ்சப் போவது என்ன என்று கேட்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இந்த அளவுகோலில் பொருள் வாங்கத் தரும் நல்கை முதல் பார்வையில் முழு மதிப்பெண் பெறும். பணம் தீர்ந்தாலும் பொருள் இருக்குமே. எங்கள் குழுவின் அலமாரியில் இன்றும் ஓர் இரத்த அழுத்தமானி இருக்கிறது. வாங்கிய புதிதில் வாரந்தோறும் வரிசையில் நின்று எல்லோரும் அளந்து பார்த்தார்கள், சிறு அட்டைகளில் எண்களைக் குறித்துக் கொடுத்தோம். சில மாதங்களில் கையில் சுற்றும் பட்டையின் ஒட்டும் பகுதி நைந்துபோய்ப் பிடிக்காமல் போயிற்று. அளக்கப் பழகியிருந்த இரு தன்னார்வலர்களில் ஒருவர் வேலை மாறி வெளியூர் சென்றுவிட்டார். புதிய பட்டை வாங்கலாமா என்று கேட்டதற்கு, பராமரிப்புச் செலவு இந்த நல்கையில் அடங்காது என்று பதில் வந்தது. பிறகொரு நாள் திறந்து பார்த்தபோது, மின்கலம் கசிந்து உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

இதே வகை நல்கையில்தான் கைப்பிடி வைத்த நாற்காலிகள் இருபதும் வாங்கினோம். அதற்கு முன் எங்களிடம் இருந்தவை கைப்பிடி இல்லாத முக்காலிகளும் மடக்கு நாற்காலிகளும். உட்கார்ந்தால் எழ முடியாது, எழ முயன்றால் பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தால் சிலர் வராமல் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாற்காலி வந்த பிறகு அவர்கள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. கையடக்க ஒலிபெருக்கி ஒன்றும் அப்படியே பயன்பட்டது. தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணிகள் என்று லேன்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட பதினான்கில் செவித்திறன் இழப்பும் சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போவதும் இரண்டு. காது கேட்காதவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தும்போது முதலாவது இரண்டாவதைக் கூட்டி வருகிறது. எனவே என் தீர்ப்பு இது: யாரும் கவனிக்காவிட்டாலும் தன் வேலையைச் செய்யும் பொருளுக்கு இந்த நல்கையைத் தயங்காமல் கேட்கலாம். பழகிய கையும் பழுதுபார்க்கும் பணமும் தேவைப்படும் கருவியை, அவ்விரண்டுக்கும் வழி செய்யாமல் இந்த நல்கையில் வாங்கக் கூடாது.

திட்ட நல்கைதான் எண்ணிக்கையில் மிகுதி. ஆபத்தும் அதில்தான் மிகுதி. முதல் ஆபத்து, புதுமையை அது கேட்பது. மூன்றாண்டுகளாக வாரம் தவறாமல் ஒரு நடைக்குழுவை நடத்திவரும் அமைப்பு, அதைத் தொடர்ந்து நடத்தப் பணம் கேட்டால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். பரிந்துரைக் குழுவில் இருந்தபோது நானும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். அந்தக் கேள்விக்கு அஞ்சிய குழுக்கள், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஆண்டுதோறும் புதுப் பெயர் சூட்டி, பாதி மனத்தோடு இன்னொரு கிளையைத் தொடங்கி, கடைசியில் இரண்டையும் அரைகுறையாக நடத்துகின்றன.

இரண்டாவது ஆபத்து எண்ணிக்கை. படிவத்தில், பயன்பெறுவோர் எத்தனை பேர் என்றொரு கட்டம் இருக்கும். படுக்கையை விட்டு எழ முடியாத ஆறு பேரை வாரம் ஒரு முறை, ஆண்டுக்கு ஐம்பது வாரம் வீட்டுக்கே சென்று பார்க்கும் குழு, முந்நூறு முறை ஒரு கதவைத் தட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் அது எழுத முடிவது ஆறு என்ற எண்ணைத்தான். ஒரே நாளில் ஒரு மருத்துவ முகாமை நடத்தி முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி அனுப்பியவர் முந்நூறு என்று எழுதுகிறார். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே மேசைக்கு வரும்போது எது மேலே போகிறது என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். முகாமைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கண்டறியப்படாத சர்க்கரையும் கண்புரையும் அங்கே வெளிப்படுவதுண்டு. ஆயினும் கண்டறிந்த பின் அந்த முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மறு பரிசோதனைக்கு நினைவூட்டி, மருந்து தீரும்போது விசாரிக்க ஒருவர் இல்லையென்றால், அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது கவலை ஒன்றை மட்டுமே.

திட்ட நல்கை பொருத்தமாக அமையும் இடமும் உண்டு. தொடக்கமும் முடிவும் இயல்பிலேயே உள்ள வேலைக்கு, எடுத்துக்காட்டாகப் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்திப் பன்னிரண்டு வாரம் சமநிலைப் பயிற்சி கற்பதற்கு, அது ஏற்றது. அப்போதும் பதின்மூன்றாவது வாரம் வகுப்பை யார் நடத்துவார் என்பதற்கு விடையை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். கற்பவர்களிலேயே இருவரைத் துணைப் பயிற்றுநராகத் தயார் செய்வதையும் விண்ணப்பத்தில் ஒரு செலவாகச் சேர்த்துவிட்டால் அந்த விடை கிடைத்துவிடுகிறது. கொடுப்பவர்களும் அதை விரும்பியே ஏற்கிறார்கள்.

ஈட்டு நல்கையில், குழு எவ்வளவு திரட்டுகிறதோ அதே அளவு கொடுப்பவரும் தருவார். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988இல் தொடங்கிய குடியிருப்புப் பகுதிகளுக்கான ஈட்டு நிதி இதற்கு நன்கு அறியப்பட்ட முன்மாதிரி. அதில் கவனிக்க வேண்டிய சிறப்பு, தன்னார்வலர் உழைத்த மணி நேரத்தையும் நன்கொடையாக வந்த பொருள்களையும் குழுவின் பங்காகக் கணக்கிட்டதுதான். இந்த ஒரு விதிதான் இவ்வகை நல்கையின் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. ரொக்கத்தை மட்டுமே கணக்கில் எடுத்தால், ஏற்கனவே வசதி உள்ள பகுதி மேலும் பெறும். வாடகை கொடுக்கவே திணறும் பகுதியின் முதியோருக்கு ஒன்றும் வராது. உழைப்பைக் கணக்கிட்டாலோ, பயிற்சிக்கு வரும் முதியவர் ஒருவர் பதிவேடு எழுதுவதும், மற்றொருவர் வராதவர்களுக்குத் தொலைபேசியில் பேசுவதும் மதிப்புள்ள பங்களிப்பாக ஏட்டில் ஏறுகின்றன. உதவி பெறுபவர் என்ற நிலையிலிருந்து உதவி தருபவர் என்ற நிலைக்கு ஒரு முதியவர் நகர்வதே அவருடைய நலவாழ்வுக்குப் பெரிய துணை என்று நான் நம்புகிறேன். ஆனால் உழைப்பதாக ஒப்புக்கொண்ட மணிகள் நிறைவேறாவிட்டால் தொகையைக் குறைப்பார்கள். வயதானவர்களை நம்பி நடக்கும் குழுவில் ஒரு நோய்க்காலம் போதும், கணக்கு சரிந்துவிடும். திரட்ட முடியும் என்று தோன்றும் மணிகளில் முக்கால் பங்கை மட்டுமே எழுதிக் கொடுப்பது நல்லது.

குடியிருப்போர் கூடி வாக்களித்துத் தரும் நல்கையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவு முறையின் வழி வந்தது இது. மக்களே முடிவெடுக்கிறார்கள் என்ற பெருமை அதற்கு உண்டு, கூட்டத்துக்கு வந்து பேசுவதே சில முதியோரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் பூங்காவும் இருக்கையும் எளிதில் வாக்குப் பெறும். மறதிநோய் உள்ள துணையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான மாதக் கூட்டம் பெறாது, ஏனெனில் அதற்குத் தேவைப்படுபவர்கள் சிலர், வாக்களிக்க வெளியே வர முடியாதவர்களும் அவர்களே. வாக்கெடுப்பு இணையத்தில் மட்டும் நடந்தால் இந்தக் குறை இரட்டிப்பாகும். கூட்டம் பகலில், படியேறத் தேவையில்லாத இடத்தில், வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியுடன் நடக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு இறங்க வேண்டும்.

இனி அன்றாடச் செலவுக்குத் தரும் நல்கை. தொலைபேசிக் கட்டணம், கூட்டம் நடக்கும் இடத்தின் வாடகை, வண்டிச் செலவு, ஒருங்கிணைப்பாளருக்குச் சிறு மதிப்பூதியம், இவை தவிர வேறொன்றும் அதில் இருக்காது. எடுத்துச் சொல்ல அழகான கதை எதுவும் இல்லாததால் இதைத் தருபவர்கள் குறைவு, தரும் தொகையும் குறைவு. என் ஒப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். காரணத்தை ஒரு குறிப்பேட்டைக் கொண்டு சொல்கிறேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று உண்டு. வாரக் கூட்டம் முடிந்ததும் வராதவர்களின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார். அடுத்த வாரமும் வராவிட்டால் அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவார். வட்டம் விழுந்த வீட்டுக்கு அன்றே தொலைபேசியில் பேச வேண்டும், எடுக்காவிட்டால் மறுநாள் நேரில் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு வட்டத்தைத் தொடர்ந்து போனபோது, மூக்குக்கண்ணாடியின் சட்டம் முறிந்துபோனதால் படியிறங்கப் பயந்து வீட்டிலேயே இருந்த அம்மா ஒருவரைப் பார்த்தோம். இதற்காகவா பிள்ளைகளைத் தொந்தரவு செய்வது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி வைத்து அழைத்துச் சென்று கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தோம். அடுத்த வாரம் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வண்டிச் செலவு. எந்தத் திட்ட நல்கையின் செலவுத் தலைப்பிலும் இதற்கு இடம் இருந்திருக்காது. விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது; அந்தப் படிகளில் அவர் தடுமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த வகையிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு, அவற்றை மறைப்பது முறையன்று. தன்னார்வலர்களில் ஒருவருக்கு மட்டும் மதிப்பூதியம் தொடங்கும்போது மற்றவர்கள் மனத்தில் ஒரு விலகல் வருகிறது. நேற்றுவரை எல்லோரும் செய்த வேலையை, அவருக்குத்தான் பணம் கொடுக்கிறார்களே என்று விட்டுவிடுகிறார்கள். எந்த வேலைக்கு அந்த ஊதியம், எந்த வேலை எல்லோருக்கும் பொது என்பதைப் பணம் வருவதற்கு முன்பே கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் கசப்பு பெரிதும் குறைகிறது. மற்றொரு சிக்கல், நல்கை நின்றதும் ஒருங்கிணைப்பாளரும் நின்றுவிடுவது. ஆகவே ஓராண்டுக்குப் பெரிய தொகை, மூன்றாண்டுக்குச் சிறிய தொகை என்ற தெரிவு வந்தால், மொத்தம் சற்றுக் குறைந்தாலும் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன்.

எந்த வகையானாலும், விண்ணப்பத்துக்கும் ஒரு விலை உண்டு. படிவம் நிரப்ப முப்பது மணி நேரம் ஆகிறது, நான்கில் ஒரு விண்ணப்பமே வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் ஒவ்வொரு நல்கைக்கும் நூற்றிருபது மணி நேரம் போயிருக்கிறது. இறுதி அறிக்கைக்கு இன்னும் இருபது சேர்த்தால் நூற்று நாற்பது. முதியோரைப் போய்ப் பார்க்கக்கூடிய அதே ஆள்களின் நேரம்தான் அது. தொகை சிறியதாக இருந்து படிவம் நீண்டதாக இருந்தால், அந்த மணிகளில் அக்கம்பக்கத்தில் நன்கொடை திரட்டுவதே மேல். பதிவு செய்யாத குழுவாக இருந்தால், பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் கணக்கு வழியாகப் பணத்தைப் பெறலாம். அவர்கள் நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது பற்றியும் ஒரு சொல்: வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். ஆண்டு முடிவில் கோப்பைத் திறந்தபோது வெற்றுத் தாள்களாகக் கிடந்த பதினொரு ரசீதுகளுக்கு நான் கடை கடையாக ஏறி இறங்கி மறுபடி வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய அன்றே நகலெடுத்து ஒட்டிவிடுவது நல்லது.

ஆக, தொடங்கி ஓராண்டு ஆகாத குழு, கேட்கும் தொகை சிறிதாக இருந்தாலும் அன்றாடச் செலவு நல்கையையே தேட வேண்டும்; அது கிடைக்காவிட்டால் நாற்காலி போன்ற, பராமரிப்பு தேவைப்படாத பொருளுக்கு விண்ணப்பிக்கலாம். வாரக் கூட்டம் தவறாமல் நடக்கத் தொடங்கி, வருகிறவர்களிலேயே பொறுப்பெடுப்பவர்கள் தெரிய வந்த பிறகு, உழைப்பைக் கணக்கிடும் ஈட்டு நல்கை கைகொடுக்கும். திட்ட நல்கைக்குப் போவது, செய்துகொண்டிருக்கும் வேலைக்குள் பொருந்தும் ஒரு தெளிவான தேவை எழும்போது மட்டும் இருக்கட்டும். படிவத்துக்காக ஒரு தேவையைக் கண்டுபிடிக்க வேண்டாம். மூன்று, நான்கு ஆண்டுகள் நிலைத்து, ஊராரிடம் பெயர் பெற்ற குழுவானால் வாக்கெடுப்பு நல்கையையும் முயன்று பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கொடுப்பவரிடம் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாமா? ஆண்டு முடிவில் செலவாகாத தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? தொலைபேசிக்கும் வண்டிக்கும் இதில் செலவு செய்யலாமா? மூன்றாவது கேள்விக்கு முடியாது என்ற பதில் வந்தால், அந்தச் செலவுக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்று அதே கூட்டத்தில், ஒருங்கிணைப்பாளரின் நோட்டை மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு, குழு முடிவு செய்துவிட வேண்டும்.